குளவிக் கூட்டின் கீழே கஸ்பரின் குழி

அந்தோனியம்மாவுக்கு இரைச்சல் என்றாலே பயம். புல்வெட்டும் மெஷினோ, தூரத்தில் மலையேறும் மோட்டார் சைக்கிளோ, எது இரைந்தாலும் கை தானாகச் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடும்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் கொழுந்தெடுக்கிறார். கணவர் கஸ்பர் அதே தோட்டத்தில் மழைநீர் ஓடும் கான் வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் குளவிகள் அவரை மொய்த்துக்கொண்டன. கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, கருப்பந்தேயிலை என்னும் யூகலிப்டஸ் மரக்காட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். அங்கே சிமெந்துக் கல்லறைகள் கிடையாது. மண்மேடு, ஒரு மரச்சிலுவை, தலைமாட்டில் பூச்செடி, அவ்வளவுதான். சில மழைக்குப் பிறகு மேடும் அமிழ்ந்து புல் மூடிவிடும்.

மகள் நிரோஜினி கொழும்பில் உடுப்புக் கடையொன்றில் வேலை செய்தாள். மண்சரிந்து பாதை அடைபட்டதால் அடக்கம் முடிந்த மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். குழியையாவது பார்க்கவேண்டுமென்று அழுதாள். தாய் விடவில்லை. அந்தக் காட்டின் உச்சிக் கிளைகளிலும் குளவிக் கூடுகள் தொங்கின. அதன்பிறகு வந்த கல்லறைத் திருநாள்களில் மற்றவர்கள் மெழுகுதிரியோடு மேலே ஏற, அந்தோனியம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

போன நவம்பரில் நிரோஜினி லீவு போட்டு வந்தாள்.

"நீங்க வர வேணாம்மா. வழிய மட்டும் சொல்லுங்க, நான் போயிட்டு வர்றேன்."

"அந்தக் காட்டுக்கு நீ ஒத்தையாவா?"

"அப்பா எங்க படுத்திருக்காருன்னே எனக்குத் தெரியாதும்மா."

அந்தோனியம்மா எழுந்தார். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றும் தடித்த படங்குத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். முகத்துப் பவுடரைக் கழுவிவிட்டு வரும்படி மகளிடம் சொன்னார். ஊதுபத்தியும் எடுக்க விடவில்லை; வாசனைக்குக் குளவி கிளம்பும்.

காட்டுக்குள் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார். வேர்கள் காலைத் தடுக்கின. உரிந்து தொங்கிய மரப்பட்டை காற்றில் உரசும்போதெல்லாம் மூச்சு நின்றது. அதைவிடக் கொடுமை, குழி இருந்த இடம் தெரியவில்லை. சிலுவை உளுத்து விழுந்திருந்தது. எல்லா இடமும் ஒரே புல். தேடத் தேட நேரம் போயிற்று. கடைசியில் புல்லுக்குள் சிவப்பு டேலியா ஒன்றைக் கண்டார். அடக்கத்தன்று பக்கத்து வீட்டு வீரம்மா நட்ட செடி.

"இதுதான்" என்றவர் மேலே பார்த்தார். அதே மரத்தில், கரிய சாக்கைப்போலக் கூடு தொங்கியது.

"சத்தம் போடாத புள்ள. சட்டுனு கும்புட்டுட்டு வா."

நிரோஜினி முழந்தாளிட்டுப் புல்லில் கையை வைத்தாள். "அப்பா" என்றாள். அப்போதுதான் ஒரு பருந்து கூட்டின்மேல் மோதி விலகியது. காடே இரைந்தது.

"படுடீ! மூஞ்ச மண்ணுல வை!"

அந்தோனியம்மாவின் கால்கள் ஓடத் துடித்தன. ஓடாமல் மகள்மேல் விழுந்து படங்கை இழுத்து மூடினார். படங்கு இருவருக்கும் போதவில்லை. அவருடைய பாதங்கள் வெளியே கிடந்தன. முதல் கொட்டு குதிகாலில் விழுந்தது. பிறகு கெண்டைக்காலெல்லாம் நெருப்பாக எரிந்தது. கத்தினால் இன்னும் வரும் என்று மண்ணைக் கடித்துக்கொண்டார். அடியில் மகளின் நெஞ்சு அடித்துக்கொள்வது அவருக்குக் கேட்டது. கஸ்பருக்கு மேலே, அவரைப் புதைத்த புல்லில், இரைச்சல் ஓயும்வரை இருவரும் அசையாமல் கிடந்தார்கள்.

பிறகு தவழ்ந்தே காட்டைவிட்டு வெளியேறினார்கள். மகளுக்கு ஒரு கொட்டும் இல்லை. தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். காய்ச்சல் இறங்கிய அன்று மகளைக் கூப்பிட்டார்.

"நான் செத்தா என்னய அங்க கொண்டு போயிறாத."

"அப்பா பக்கத்துலயா வேணாங்குறீங்க?"

"அவரு கூட இருக்கத்தான் ஆச. ஆனா நீ என்னப் பாக்க வரணும்ல? ரோட்டோரமா, மாதா கோயிலடியில எங்கயாவது வெச்சுரு. பயமில்லாம கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவ."

நிரோஜினி தாயின் வீங்கிய கால்களுக்கு மருந்து தடவினாள்.

அந்தோனியம்மா மறுபடி வேலைக்குப் போகிறார். பயம் விட்டபாடில்லை. கொழுந்தெடுக்கக் காட்டை ஒட்டிய தேயிலை நிரை கிடைத்தால் கங்காணியிடம் கெஞ்சி வேறு நிரைக்கு மாறிக்கொள்கிறார்.