மக்கீனின் படங்குப் பை

கல்முனைக் கடைத்தெருவில் பட்டப்பகலில் ஒரு எனிமா டின் உருண்டு போனால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்? எல்லாரும்தான். மக்கீனுக்கு இதில் சந்தேகமே இல்லை. உருண்டது அவருடைய டின்.

மக்கீன் அரசாங்க ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவர். பகலில் அங்கே வேலை. பின்னேரங்களில் சைக்கிளில் ஏறி, நடக்க ஏலாத நோயாளிகளின் வீடுகளுக்குப் போவார். பழைய கட்டை அவிழ்த்துக் கழுவிப் புதுக்கட்டுப் போடுவார், டொக்டர் எழுதிக் கொடுத்த ஊசியைப் போடுவார், தேவைப்பட்டால் வயிறும் கழுவி விடுவார். வயிறு கழுவுகிற அந்த வெள்ளை எனாமல் டின்னையும் அதன் நீண்ட ரப்பர் குழாயையும் துவாயில் சுற்றி, தோல்பையின் அடியில் யார் கண்ணிலும் படாமல் வைத்திருப்பார். தான் ஒரு பெரிய மனுசன் என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சம் கூடுதல். போகிற வீடுகளில் சனம் அவரை "டொக்டர்" என்றுதான் கூப்பிடும். நான் டொக்டர் இல்லை என்று அவர் ஒரு நாளும் திருத்தியதில்லை. புகழ்கிறவன் வாயை அடைப்பது பாவம் என்று தனக்குத் தானே ஒரு ஃபத்வா கொடுத்து வைத்திருந்தார்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் நனைந்து ஊறிய அந்தத் தோல்பை, அதற்குப் பிறகும் இழுபட்டு இழுபட்டு, அன்றைக்குச் சந்தைக்கு முன்னால் அடி பிரிந்துவிட்டது. குறடு ஒரு பக்கம், கத்தரிக்கோல் ஒரு பக்கம், சோற்றுப் பார்சல் ஒரு பக்கம். டின் மட்டும் நேரே மீன்காரர்களிடம் போய், குழாயையும் இழுத்துக்கொண்டு, ஒரு தராசுக்குப் பக்கத்தில் நின்றது.

"டொக்டர், உங்கட தேத்தண்ணிக் கேத்தல்!" என்று ஒருவன் எடுத்து நீட்டினான். சிரிப்புக்குக் கேட்கவா வேண்டும்!

வீட்டுக்கு வந்து சாய்மனைக் கதிரையில் விழுந்தவர், "இனி நான் அந்தத் தெருவால எப்பிடிப் போற, ஸைனம்பு?" என்று மனைவியிடம் முறையிட்டார்.

"காலாலதான் போற," என்றாள் ஸைனம்பு. "மானம் மருவாதயப் பொறகு தேடுங்க. சாய்ந்தமருதுக்குப் போய் ஆயிஷா உம்மாட காலுக்கு மருந்து கட்டினீங்களா?"

மக்கீன் துள்ளி எழும்பினார். சீலைப்பையொன்றில் சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

ஆயிஷா உம்மாவுக்குச் சீனி வருத்தம். வலது பாதத்தில் முள் குத்திய சின்னக் காயம் புண்ணாகி, புண் குழியாகி, விரல் இரண்டை ஆஸ்பத்திரியில் எடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் கழுவிக் கட்டினால் கால் தப்பும், விட்டால் முழங்காலோடு எடுக்க வேண்டி வரும் என்று பெரிய டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் ஹப்ஸாவோ புண்ணைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள். ஆகவே அந்தக் கால் மக்கீனின் கையில் இருந்தது. விடாமல் கட்டியதில் குழிக்குள் சிவப்புச் சதை துளிர்க்கத் தொடங்கியிருந்தது. அதைக் கண்ட அன்று, தன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை என்று அவர் வீட்டில் வந்து சொன்னார். ஸைனம்பு அன்றைக்குக் கறிக்கு உப்புப் போடவில்லை.

ஆக, நல்ல பையொன்று வேண்டும். மக்கீன் பை தேடிய மாதிரி அந்த ஊரில் மாப்பிள்ளைகூடத் தேடியிருக்க மாட்டார்கள். சைக்கிள் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், அதனால் பை முதுகில் தொங்க வேண்டும். மழை புகக் கூடாது. ஊசி அவிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பு சரியாமல் நிற்க ஒரு இடம் வேண்டும்; பஞ்சில் மண்ணெண்ணெய் பட்டால் கதை முடிந்தது. மருந்துப் போத்தல்களும் குறடும் சிரிஞ்சுப் பெட்டியும் ஒரு பக்கம் என்றால், சோறு, மாற்றுச் சாரம், சவுக்காரம், குடை, வெற்றிலைப் பை எல்லாம் இன்னொரு பக்கம். இத்தனைக்கும் மேலே, டின் வெளியில் தெரியவே கூடாது. மற்றக் காரணங்களை அவர் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினார். இந்தக் கடைசிக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

முத்தலிப்பின் கடையில் அப்போது ஜப்பான் சாமான் வந்து குவிந்து கிடந்தது. விமானப் படம் போட்ட நைலோன் பையொன்றை எடுத்துத் தட்டிக் காட்டி, "இது சவூதிக்குப் போறவங்க கொண்டு போற பேக், காக்கா," என்றார் முத்தலிப்.

மக்கீன் சிப்பை இழுத்தார். சிப் கையோடு வந்தது.

"நீங்க கொஞ்சம் பலமா இழுத்திட்டீங்க."

"நான் மெல்லமா இழுக்கிற வரைக்கும் நோயாளி காத்துக்கிட்டிருப்பானா தம்பி?" என்று சிப்பை அவர் கையில் வைத்துவிட்டு வந்தார்.

கடைசியில் படங்கு தைக்கிற ஸைனுலாப்தீனிடம் போனார். வெள்ளாமைக்காரர் நெல்லை மூடுகிற அந்தத் தடித்த பச்சைத் துணியில் அவர் முதுகுப் பைகளும் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். மக்கீன் ஒன்றை இறக்கினார். தையலை நகத்தால் கிள்ளினார். உள்ளே செங்கல்லை அடுக்கித் தூக்கிப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு உள்ளே கை விட்டுத் துழாவினார். பிறகு அதன்மேல் ஏறியும் உட்கார்ந்தார்.

"காக்கா, நீங்க பை எடுக்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்றார் ஸைனுலாப்தீன். "நாப்பது நாள் ஊர் ஊராத் திரிஞ்சாலும் இதுக்கு ஒண்டும் ஆகாது. என்னட்ட எடுத்த ஆக்களெல்லாம் மூணாந்தரமும் போய் வந்திட்டாங்க."

எங்கே போய் வந்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டிய இடம் அது. மக்கீன் வார்ப்பட்டையை இழுத்துப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார். எல்லாவற்றையும் சோதித்த மனுசன், இதே மாதிரிப் பையை ஊரில் யார் முதுகில் கண்டோம் என்று யோசிக்கவில்லை.

ஸைனம்பு பார்த்தவுடன் யோசித்தாள். பைக்கு மேலே, புண்ணுக்குக் கீழே விரிக்கிற ரப்பர் சீட்டு பாய் போலச் சுருட்டி வைத்திருந்தது. பக்கத்தில் அடுப்பு கட்டியிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இதென்ன, ஜமாஅத்துக்கா போறீங்க? சனம் புடிச்சி உங்களப் பயான் பண்ணச் சொல்லப் போகுது!"

நாற்பது நாள் என்று இதே மாதிரிப் பையும் பாயும் அடுப்புமாக வீட்டை விட்டு வெளிக்கிட்டு, ஊர் ஊராகப் பள்ளிவாசல்களில் தங்கி, பயான் என்று பிரசங்கம் செய்து, சனத்தைத் தொழுகைக்கு அழைத்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு வருகிற ஜமாஅத்துக்காரர்கள் அப்போது கல்முனையில் நிறையப் பேர். மக்கீனோ வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்.

"உனக்கு என்னகா தெரியும்?" என்று பையை மாட்டிக்கொண்டு போனார்.

ஸைனம்பு சொன்னது முதல் சந்தியிலேயே நடந்தது. "மாஷா அல்லாஹ்! நீங்களுமா?" என்று ஒருவர் கட்டிப்பிடித்தார். "நம்மளுக்கும் துஆச் செய்ங்க," என்றார் இன்னொருவர். எனிமா டின்னுக்குச் சிரித்த அதே மீன்காரன் எழுந்து நின்று சலாம் சொன்னான். மக்கீன் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "இன்ஷா அல்லாஹ்," என்றார். ஓம் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் அவர் பொய்யே பேசவில்லை.

அந்தக் கிழமையிலேயே ஒரு நாள் சைக்கிள் ரிம் வளைந்து கடையில் கிடந்தது. மக்கீன் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். வேன் ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. கதவைத் திறந்தவர் பதியுதீன் ஹாஜியார். ஜமாஅத்துக்குத் தலைவரான அமீர், பெரிய கடைக்காரர், மக்கீனை அதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"மக்கீன்! அல்லாஹ் உங்கட மனசத் தொறந்திட்டான். ஏறுங்க, ஏறுங்க!"

போகிற வழியில் சாய்ந்தமருதுவில் இறங்கிக் கொள்ளலாம் என்று மக்கீன் ஏறினார். முன்வரிசையில் இடம் கிடைத்தது. ஹாஜியார் பின்னால் திரும்பிச் சொன்னார்: "பாருங்க தம்பிமாரே! ஆஸ்பத்திரி வேல, நோயாளிமாருட சோலி, பொஞ்சாதி, எல்லாத்தையும் உட்டுட்டு இந்த மனிசன் வெளிக்கிட்டு வந்திரிக்கார். நம்மட தியாகமெல்லாம் இவர்ர தியாகத்துக்குக் கிட்ட வருமா?"

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மக்கீனுக்கே கண் கலங்கிவிட்டது. தன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக ஒருவர் கதைத்து அவர் கேட்டதே இல்லை. இன்னும் கொஞ்சத் தூரம் போய்ச் சொல்லுவோம் என்று நினைத்தார்.

ஆயிஷா உம்மாவின் வீடு பெரிய தெருவில்தான். உம்மா வழக்கம்போல வாசலில் மர வாங்கு போட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு மருந்துக்காகக் காத்திருந்தார். தெருவில் மாடு குறுக்கே வந்ததில் வேன் மெதுவானது. உம்மா மக்கீனைக் கண்டார். மடியில் இருந்த பையைக் கண்டார். சுற்றிவர இருந்த தொப்பிகளையும் கண்டார். முகம் மலர, இரண்டு கையையும் ஏந்தித் துஆச் செய்தார். மக்கீன், நம்பினால் நம்புங்கள், வலது கையை நெஞ்சில் வைத்துச் சலாம் சொன்னார். வேன் போய்விட்டது.

இறங்குடா மடையா என்று உள்ளுக்குள் ஒருவன் கத்தினான். காரைதீவுச் சந்தியில் சொல்கிறேன் என்று மக்கீன் அவனைச் சமாதானப்படுத்தினார். காரைதீவில் ஹாஜியார் பயான் தொடங்கிவிட்டார். பெரிய மனுசர் கதைக்கும்போது குறுக்கே விழுவது மரியாதையா? சம்மாந்துறையில் யாரோ பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். வாயில் பழத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கதைப்பது? அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வயல்தான். வேன் வரிப்பத்தான்சேனைப் பள்ளிவாசலில் எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. முகம் கழுவுகிற சாட்டில் பஸ்ஸைப் பற்றி விசாரித்தார். கடைசி பஸ்ஸும் போய்விட்டதாம்.

அந்தி மஃரிப் தொழுகையில் மக்கீனுக்கு என்ன ஓதினார்கள் என்றே தெரியாது. கண்ணுக்குள் அந்தக் கால்தான் நின்றது. தொழுதுவிட்டு வெளியே வந்தால், முற்றத்தில் அவருடைய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டியில் தண்ணீர் கொதித்தது. சமையலுக்குப் பொறுப்பானவர், "இவ்வளவு ஆயத்தமா வந்த மனிசன் கேத்தலும் கொண்டு வந்திருப்பார்," என்று பைக்குள் கையை விட்டார். டின் வந்தது. வெள்ளை வெளேரென்று, கழுவித் துடைத்து, குழாயும் தொங்க.

"சுபஹானல்லாஹ்! இதுதான் சாமான்! இருந்த இடத்தில இருந்து எல்லாருக்கும் குழாயாலயே ஊத்தலாம்." அதற்குள் தேயிலையை அள்ளிப் போட்டார். சட்டியையும் தூக்கினார்.

மக்கீனின் வாய் அப்போதுதான் திறந்தது.

"ஊத்தாதீங்க! அது எனிமா டின்! வயிறு கழுவுற டின்!"

பொறுப்பானவர் டின்னை இரண்டு விரலால் தூக்கித் தூர வைத்தார். ஹாஜியார் முன்னால் வந்தார்.

"ஜமாஅத்துக்கு எதுக்கு மக்கீன் அந்த டின்?"

"நான் ஜமாஅத்துக்கு வெளிக்கிடல்ல, ஹாஜியார். சாய்ந்தமருதுல ஆயிஷா உம்மாட காலுக்கு மருந்து கட்ட வெளிக்கிட்டன். நாள் தவறினா கால் போயிரும்."

"மறுகா ஏன் வாயத் தொறக்கல்ல?"

"நீங்க என்னப் பத்தி நல்லாக் கதைச்சீங்க," என்றார் மக்கீன். "கேக்க நல்லாரிந்திச்சி."

சிரிக்கத் தொடங்கிய ஒருவர் ஹாஜியாரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "நோயாளிட கால உட்டுட்டு வாறது தியாகமா? அதப் போய் நான் புகழ்ந்து, என்னயும் பாவத்தில மாட்டி உட்டுட்டீங்களே!" என்று ஹாஜியார் கத்தினார். பிறகு அவரே ஊருக்குள் நடந்து போய், விடிந்தவுடன் நெல் ஏற்றிப் போகிற டிராக்டர் ஒன்றைப் பேசி வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை மக்கீன் நெல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தார். வழி முழுக்கத் தன்னைத் தானே ஏசினார். பைக்குள் செங்கல் வைத்துப் பார்த்தாயே, தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயே, உன் நாக்கை ஒரு நாளாவது சோதித்துப் பார்த்தாயா? டிராக்டர் குலுங்கும்போதெல்லாம் முதுகில் டின் இடித்தது. இடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆயிஷா உம்மா அதே வாங்கில் இருந்தார். கட்டு ஊறி மஞ்சளாகியிருந்தது, ஈ மொய்த்தது. ஹப்ஸா அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டா கேக்கிறா இல்ல, காக்கா. நீங்க வாற வரைக்கும் ஆரும் கட்ட அவிழ்க்கப்படாதாம்."

உம்மா அவரைக் கண்டு பதறினார். "ஏன் மனே திரும்பி வந்த? அல்லாஹ்ட பாதையில போன உன்ன என்ட கால் இழுத்துக்கொண்டு வரப்படாது எண்டுதானே நேத்திலரிந்து துஆக் கேக்கிறன். நாப்பது நாளையும் முடிச்சிட்டு வா. நான் பொறுப்பன். நீ போட்ட கட்டுத் தாங்கும்."

மக்கீன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் கை வைத்துச் சொன்ன அந்த ஒரு சலாமுக்கு ஒரு கால் போயிருக்கும். வெட்கத்தில் அழுகை வந்தது.

"தாங்காது உம்மா. நான் ஜமாஅத்துக்குப் போகல்ல. அவங்க புகழ்ந்தாங்க எண்டு வாயப் பொத்திக்கிட்டு இருந்திட்டன். நான் டொக்டரும் இல்ல உம்மா."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் உம்மா. "டொக்டர்மாரு ஊட்ட வந்து மண்ணில குந்துவாங்களா? எழும்பி மருந்தக் கட்டு."

கட்டை அவிழ்த்தார். மேலே மஞ்சள் படிந்திருந்தது, மணமும் இருந்தது. மெல்ல மெல்லக் கழுவினார். அடியில் சிவப்புச் சதை இன்னும் கெடாமல் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் வாய்விட்டுச் சொன்ன சத்தத்தில், வழக்கம்போல மயங்கி விழப் போன ஹப்ஸா விழாமல் நின்றுவிட்டாள்.

கல்முனைக்கு வந்த கையோடு ஸைனுலாப்தீனிடம் போய், பையின் வெளிப்பக்கத்தில் ஒரு வார் தைத்துத் தரச் சொன்னார். எதைத் தொங்கவிட என்று கேட்டவருக்கு எடுத்துக் காட்டினார். அன்றிலிருந்து டின் வெளியிலேயே தொங்கியது, குழாயும் காற்றில் ஆடியது. அதற்குப் பிறகு யாரும் அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. "கேத்தல் டொக்டர்!" என்று மீன்காரர்கள் கூப்பிட்டார்கள். மக்கீன் ஒவ்வொரு முறையும் சைக்கிளை நிறுத்தி, "டொக்டர் இல்ல, மருந்து கட்டுறவன்," என்று திருத்தினார். கேத்தலை மட்டும் திருத்தவில்லை.

சாய்ந்தமருதுத் தெரு குண்டும் குழியுமானது. டின் சைக்கிளில் முட்டி முட்டிச் சத்தம் போடும். அது கேட்டதும் ஆயிஷா உம்மா ஹப்ஸாவைக் கூப்பிட்டு வாங்கைப் போடச் சொல்லுவார். மக்கீன் வாசலுக்கு வரும்போது கால் நீட்டியபடி இருக்கும்.