வெந்நீரில் போட்ட கம்பளி

மூங்கில் கழியால் தூக்கிப் பார்த்தபோது அது கம்பளியாகவே இல்லை. அண்டாவுக்குள் போடும்போது ஓர் ஆள் கால் நீட்டிப் படுத்துத் தலையோடு மூடிக்கொள்ளும் அளவுக்கு இருந்தது. வெளியே வந்தது அதில் பாதி. தடித்து, ஓரமெல்லாம் சுருண்டு, கருகிப்போன அடை மாதிரி கழியில் தொங்கியது. காப்பி நிறத்தில் தண்ணீர் சொட்டியது. கொல்லைப்புறம் முழுக்க ஆட்டுப்பட்டி வீச்சம். சலவைச் சோடா தீர்ந்துபோன காகிதத்தை இடது கையில் இன்னும் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கம்பளி என்னுடையதாக இருந்திருந்தால் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். அது என் ஓரகத்தியின் கம்பளி. கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள்.

நாங்கள் பஞ்சு தின்று வளர்ந்த குடும்பம். சிங்காநல்லூரில் மில் சங்கு ஊதினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும், சங்கு ஊதினால் அணையும். என் வீட்டுக்காரர் ஃபிட்டர். நான் நூல் சுற்றும் ரீலிங்கில் நின்றேன். என் கையில் ஓடிய நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கொடுமுடிக்குப் போய்த் திரும்பி வரலாம், இன்னும் மிச்சம் இருக்கும். துணி என்றால் பருத்தி. துவைக்கத் துவைக்க வெளுக்கும், வேக வேக மிருதுவாகும், வெயிலில் விறைத்துக் காயும். ஞாயிற்றுக்கிழமை என் கொடியில் காயும் வேட்டியைப் பார்த்து அந்த வரிசை வீட்டுப் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இன்றைக்கும் உண்டு.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அவள் காங்கயத்துக்குத் தெற்கே இருந்து, மழை பொய்த்த ஒரு காட்டுப் பக்கத்திலிருந்து வந்தாள். பாத்திரம், பண்டம், பாய், தலையணை எல்லாம் இறக்கி வைத்த பிறகு, கடைசியாக அந்தக் கருப்புக் கம்பளியைத் தன் கையாலேயே எடுத்து வந்தாள். இரண்டு பட்டையாக நெய்து நடுவில் சேர்த்துத் தைத்தது. தொட்டால் உள்ளங்கையில் குத்தும். புளியங்கொட்டைப் பசை போட்ட விறைப்பு. கிட்டப் போனால் ஆடு.

"ஏன் அம்மணி, ஆட்டையும் கூடவே ஓட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றேன். அடுப்படியில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆட்டை வித்துப்போட்டமுங்க அக்கா. இல்லாட்டி ஓட்டிட்டே வந்திருப்பேன்" என்று அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். அவளுடைய அய்யன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் இறந்துபோனவர். கடைசியாகத் தன் ஆடுகளுக்கு அவர் கத்தரித்த மயிரைத் தனியாகக் கட்டி வைத்து, மகளுக்கென்று நெய்யக் கொடுத்தாராம். நெய்து வந்தபோது அவர் இல்லை. பிறகு பட்டியும் இல்லை. நான் இதைக் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டு, "சரி, எப்பத் துவைப்பே?" என்றேன்.

"இதத் துவைக்க வேண்டியதில்லீங்க அக்கா. நெழல்ல ஒரு நாள் காத்தாடப் போட்டா அதுவே சுத்தமாயிரும்."

"அதுவே சுத்தமாகறதுக்கு இது என்ன, கொடுமுடிக் காவேரியா?"

அந்தக் கம்பளி எங்கள் வீட்டில் செய்த வேலையை நான் கண்ணால் பார்த்தவள். பார்த்தும் ஒப்புக்கொள்ளவில்லை, அதுதான் விஷயம். சித்திரை மாதம் சிமெண்டுத் தரை பகல் முழுக்கக் குடித்த வெயிலை எல்லாம் சாயங்காலம் திருப்பிக் கக்கும். நாங்கள் ஜமுக்காளம் விரித்துப் படுத்து, வேர்வையில் நனைந்து, புரண்டு புரண்டு எழுவோம். அவள் கம்பளியை விரித்து அதன்மேல் நிம்மதியாகப் படுத்திருப்பாள். வெயில் காலத்தில் கம்பளியா என்று ஊரே சிரித்தது. கீழேயிருந்து வரும் சூட்டையும் அது விடாது, உடம்பு வேர்வையையும் அது வாங்கிக்கொள்ளும் என்பது சிரித்தவர்களுக்குத் தெரியவில்லை. மழை வந்தால் அதை மடித்துக் கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போவாள். துளிகள் முத்து முத்தாக நின்று உருண்டு விழும். ஒருமுறை மண்ணெண்ணெய் ஸ்டவ் குபீரென்று எரிந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் வரைக்கும் தீ ஏறியது. நான் தண்ணீர்ச் செம்பைத் தேடி ஓடினேன். அவள் அந்தக் கம்பளியைத் தூக்கி அடுப்பின்மேல் போட்டு அமுக்கினாள். தீ மூச்சடைத்து நின்றது. கம்பளியில் தலைமயிர் பொசுங்கின வாசம் கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான். என் பருத்திச் சேலையைப் போட்டிருந்தால் சேலையும் எரிந்திருக்கும், நானும் எரிந்திருப்பேன்.

அப்படியிருந்தும் ஏன் வேக வைத்தாய் என்று கேட்டால், அவள் வருவதற்குள் சுத்தமாக்கி வைத்து அவள் மனசைக் குளிர வைக்கலாம் என்றுதான் என்று வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. பச்சைக் குழந்தையை அந்த அழுக்கில் போடுவாளே என்று நினைத்ததும் உண்மை. மிச்ச உண்மை என்னவென்றால், துவைக்காமலே ஒரு துணி சுத்தமாக இருக்கும் என்றால், ஞாயிற்றுக்கிழமைதோறும் முதுகு ஒடியத் துவைத்த நான் யார்? என் கைராசி இதிலும் செல்லும் என்று காட்ட நினைத்தேன். நூற்றுக்கணக்கான வேட்டியும் போர்வையும் வேவித்த கை. சோடா போட்டு, கொதிக்கவிட்டு, கழியால் அடித்துத் துவைத்தேன். பருத்திக்கு எது மருந்தோ அது கம்பளிக்கு விஷம் என்று பஞ்சு மில்காரிக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அவள் குழந்தையோடு ஐந்தாம் மாதம் வருவதாக இருந்தது. நாள் நெருங்க நெருங்க நான் கம்பளியை எடுத்து எடுத்து அளந்து பார்த்தேன். புதுசாக வாங்கி வைத்துவிடலாம் என்றால், அந்த ஆடும் இல்லை, கத்தரித்த கையும் இல்லை. மறுபடியும் நனைத்து, நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம்.

"ஏனுங்க, நல்லா இழுங்க."

"நான் இழுக்கறேன், நீ வந்து என்ற மேல உழுகறே. கம்பளி அப்படியேதான் இருக்குது. நம்ம ரண்டு பேருந்தான் நீண்டுட்டே போறோம்."

கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். கல் கட்டின இடத்தில் காது மாதிரி நாலு நுனி நீண்டதே தவிர, கம்பளி வளரவில்லை.

"திருட்டுப் போயிருச்சுன்னு சொல்லிப்போடலாமுங்களா?" என்று கேட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டேன்.

"பித்தளை அண்டாவ உட்டுப்போட்டுக் கம்பளியத் தூக்கிட்டுப் போன திருடனா? அவனத் தேடிப் புடி. அவனாட்ட நல்லவன ஊட்டுலயே வெச்சுக் கஞ்சி ஊத்தலாம்" என்றார்.

அவள் வந்தாள். ஆரத்தி எடுத்து, குழந்தையை வாங்கிக் கொஞ்சி, நான் தண்ணீர் கொடுத்து, அவள் குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"என்ற கம்பளி எங்கீங்க அக்கா? புள்ளையப் போடோணும்."

மூன்று மாதமாக யோசித்து வைத்திருந்த பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "வேவிச்சுப்போட்டேன் அம்மணி" என்றேன்.

"என்னத்தையுங்க?"

எடுத்துக் கொடுத்தேன். அவள் விரித்தாள். திருப்பிப் பார்த்தாள். நீண்டிருந்த நாலு காதையும் தடவிப் பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று நின்றேன். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். வெகு நேரம் அப்படியே பிடித்திருந்தாள். "சவக்கார வாசந்தானுங்க அடிக்குது" என்று மட்டும் சொன்னாள். மடித்து ஓரமாக வைத்துவிட்டு, குழந்தையை என் பழைய பருத்திச் சேலையின்மேல் போட்டாள். கம்பளி சிறுத்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அதன் வாசத்துக்குள் இருந்த அவள் அய்யனை நான் சோடாப் போட்டுக் கழுவி விட்டிருந்தேன். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசாமல் இல்லை. "உப்பு எடுத்துட்டு வாரேனுங்க", "தண்ணி வந்துருச்சுங்க" என்று எல்லாம் பேசினாள். 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை. 'அக்கா' மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் கோபத்தை அப்படித்தான் வைப்பார்கள், மரியாதையின் நடுவில் ஒரு சொல்லை உருவிவிட்டு. ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தச் சொல் இல்லாமல் போகிறது என்று நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். சங்கு ஊதினதுகூட ஒருநாள் காதில் விழவில்லை.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் சூரியனே இல்லை. குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. கொடியில், நாற்காலியில், அடுப்படியில் எங்கே பார்த்தாலும் ஈரப் பருத்தி. நான் பெருமையடித்த பருத்தி பிழியப் பிழிய ஈரமாகவே தொங்கியது. வீட்டில் உலர்ந்து கிடந்தது அது ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அவள் கம்பளியை எடுத்து விரித்துக் குழந்தையைப் போட்டாள். நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"அக்கா! இங்க வாங்க, சுருக்கா வாங்க!"

குழந்தைக்கு என்னவோ என்று ஈரக் கையோடு ஓடினேன். குழந்தை காலை உதறிக்கொண்டு சிரித்தது. கம்பளியில் மூத்திரம் விட்டிருந்தது. அது சேலைமாதிரி உள்ளே இறங்கிப் பரவாமல் மேலேயே குளமாக நின்று, மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது. ஓரகத்தி முழங்காலிட்டு அதன்மேல் குனிந்திருந்தாள்.

"மோந்து பாருங்க அக்கா."

"அடச்சீ!"

"மோந்து பாருங்கன்னா!"

குனிந்தேன். ஆடு. ஈரத்தில், வெதுவெதுப்பில், கம்பளியின் அடியிலிருந்து அந்த மணம் எழும்பி வந்தது. என் சோடாவும் வெந்நீரும் அதை அசைக்கவில்லை. காய்ந்தால் ஒளிந்துகொள்கிறது, நனைந்தால் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

"மழையில பட்டிய அடைச்சுப்போட்டு எங்கய்யன் ஊட்டுக்குள்ள வந்தா இப்படித்தானுங்க அடிக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணிலிருந்து ஒழுகியது. "பேத்தி கூப்புட்டதும் வந்துட்டாரு பாருங்க அக்கா."

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து கதையைக் கேட்டுவிட்டு, என்னைக் காட்டி, "அப்ப இவளையும் ஒருக்கா வேவிச்சுப் பாக்கலாம், குணம் போகாது" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

சுருங்கின கம்பளி முன்னைவிட உழைத்தது. தடித்துப்போனதால் காற்று புகவில்லை. எங்கள் இருவர் குழந்தைகள் ஐந்து பேரும் அதில்தான் கிடந்தார்கள். மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காதபோது பானையைச் சுற்றிக் கட்டி வைப்பாள், காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இஸ்திரி போட அதன்மேல்தான் வேட்டியை விரிப்போம். வசம்பும் வேப்பிலையும் வைத்தால் பூச்சி அண்டாது. இப்போது என் பேத்தி மெத்துமெத்தென்று ரோஸ் கலரில் ஒரு போர்வை வாங்கி வந்திருக்கிறாள். உதறினால் படபடவென்று பொறி பறக்கிறது, போர்த்தினால் பத்து நிமிஷத்தில் கசகசக்கிறது. அவளுக்குப் பிடித்திருக்கிறது. இருக்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அத்தனை வருஷமும் ஓரகத்தி ஊருக்குப் போகும்போதெல்லாம் கம்பளியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வாள். என் நகையை அவளிடம் கொடுத்து வைப்பேன், அவள் குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவாள். கம்பளி மட்டும் பூட்டுக்குள் போகும். நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

போன மாதம் கண் ஆபரேஷனுக்காகப் பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். அன்றைக்குக் கம்பளியில் மூத்திரம் விட்ட அதே மகள்தான். கார் வாசலில் நின்றது. ஓரகத்தி மாடியிலிருந்து மெதுவாக இறங்கி வந்து, கம்பளியை என் மடியில் வைத்தாள்.

"பெட்டிக்குள்ளயே கெடந்தா ஆகாதுங்க அக்கா. காத்தாடப் போட ஆள் வேணுமில்ல."

"பூட்டு என்னாச்சு?"

"என்ற கண்ணுக்கு இப்பச் சாவி ஓட்டை தெரியறதில்லீங்க" என்றாள். பொய். ஒரு கண்தான் மங்கல், மற்றதால் இன்னும் ஊசியில் நூல் கோக்கிறவள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் போன் போட்டாள். "கண்ணு எப்படி அம்மணி இருக்குது?" என்றேன்.

"அது கெடக்குதுங்க. கம்பளி எப்படி இருக்குது?"

"நெழல்ல கெடக்குது. ஒரு சொட்டுத் தண்ணி படல."

பிறகு, "மார்கழி பொறந்துருச்சுங்க அக்கா. எடுத்துப் போத்திக்குங்க" என்றாள். "இடுப்பு வரைக்காச்சும் எட்டும்."

போனை வைத்துவிட்டு எழுந்து போய்க் கொடியிலிருந்து எடுத்தேன். கட்டிலில் சாய்ந்து காலில் போட்டுக்கொண்டேன். அவள் சொன்னது சரி, இடுப்பு வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் எட்டாததற்கு யாரைக் குறை சொல்ல? நல்ல சூடாக இருந்தது.