வெங்காயத்துக்குப் பக்கத்தில் ஒரு சாவி

மருத்துவமனையில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். ஊரார் எலும்பின் நிழலையெல்லாம் பார்த்துக் காலம் ஓட்டியவளுக்கு, பென்சிலில் ஒரு நிழல் போட வரவில்லை. ஞாயிறு காலைகளில் ஜன்னலோர மேசையில் உட்காருவாள். எதிரே பீங்கான் ஜாடி, ஒரு வெங்காயம், செத்துப்போன அப்பாவின் கடிகாரக் கடைச் சாவி. மூன்றையும் சுற்றிச் சாக்பீஸ் கோடு. படம் முடியும்வரை தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"வெங்காயமே முளை விட்டாச்சு, உன் படத்துக்கு இன்னும் உயிர் வரலையேக்கா" என்பான் தம்பி.

"வெளிச்சத்தை மறைக்காம நகருடா."

பூட்டிக் கிடந்த கடை தம்பி பெயரில்தான் இருந்தது. 'உன்னைக் கேட்காம ஒண்ணும் செய்யமாட்டேன்' என்று அவன் சொன்ன வார்த்தை மட்டும் அவள் பங்கு. வேலையை விட்டுவிட்டு அங்கே படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அது அவனுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிறு உற்றுப் பார்த்தாள். தாளில் சாவியின் கடைசிப் பல் பாதி உடைந்திருந்தது. மேசையில் முழுசாக இருந்தது.

"சாவியைத் தொட்டியாடா?"

"நான் ஏன் தொடறேன்? நிழலைப் பார்த்து ஏமாந்திருப்பே. முதல்ல கண்ணாடியை மாத்து."

அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ரப்பரால் அழித்து முழுப் பல்லை வரைந்தாள். மெல்ல மெல்ல நிழல் ஏற்றினாள். முதல் தடவையாகச் சாவி தாளைவிட்டு எழுந்து நின்றது. கையில் எடுத்துவிடலாம் போல இருந்தது.

படம் முடிந்த சந்தோஷத்தில், மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். பூட்டுக்குள் நுழைந்த சாவி திரும்ப மாட்டேன் என்றது. பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"அதுல திறக்காதும்மா. வாங்கினவர் நேத்துதான் உள்ளே பெயின்ட் அடிச்சாரு."

"யாரு வாங்கினது?"

அவர் வாயில் கடித்திருந்த நூலை எடுத்தார். "தம்பி சொல்லலையா?"

வீட்டில் அவன் மறுக்கவில்லை. "நீ நிம்மதியா வரைஞ்சு முடிக்கணும்னுதான்க்கா, அப்பா சாவியை வாங்கினவர்கிட்ட குடுத்துட்டு, அதே மாதிரி ஒண்ணு தேடி வெச்சேன்" என்றான், ஏதோ உபகாரம் செய்தவன்போல.

பென்சிலைப் படுக்கவைத்து, அத்தனை அழகாக வந்திருந்த சாவியின்மேல் கறுக்கக் கறுக்கத் தேய்த்தாள். அழித்த கோட்டின் பள்ளம் கருமைக்குள்ளிருந்து வெள்ளையாக மேலே வந்தது. பாதி உடைந்த பல்.

தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

"கடையை வித்தது கிடக்கட்டும். என்னைக் கண்ணாடி மாத்தச் சொன்னியேடா."