ஷட்டரில் ஒரு மலை

அல்லிநகரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவியெடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. படம் வரைய யாரிடமும் கற்றதில்லை. நாற்பத்தாறு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைக் கலந்து, மேற்கே தெரியும் மலையையும் அதன் அடியில் திராட்சைப் பந்தல்களையும் கடை ஷட்டரில் வரையத் தொடங்கினேன். முடிக்க நான்கு ஞாயிறுகள் ஆயின.

பக்கத்து டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "கழுதை படுத்துக் கெடக்குற மாதிரியில்ல இருக்கு" என்றார். உற்றுப் பார்த்தேன். சரிதான். தகட்டின் மேடுபள்ளத்தில் கோடு நான் நினைத்தபடி ஓடவில்லை. மலைமுகட்டை அழித்துத் திரும்ப வரைந்தேன். அப்போதும் கழுதைதான், கொஞ்சம் எழுந்து உட்கார்ந்திருந்தது.

சித்திரையில் ஒரு ஒயர் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஷட்டர் முழுக்கத் தங்கள் விளம்பரத்தை எழுதிக்கொண்டு, பதிலுக்கு லைட் வைத்த போர்டு தருவதாகச் சொன்னார்கள். என் மனைவியின் அண்ணன் அப்போது கடையில் இருந்தார்.

"சரின்னு சொல்லிருங்க மாப்ள. போர்டு சும்மா தாராகல்ல."

"ஷட்டர்ல படம் இருக்கு மச்சான்."

"கடை தெறந்திருந்தா ஷட்டர் மேல போயிருது. பூட்டியிருந்தா நீங்களே இங்கன இருக்க மாட்டீக. அப்புறம் யாரு பாக்க அந்தப் படம்?"

கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஞாயிறுகளில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். மற்ற நாளெல்லாம், வந்த மோட்டாரில் எத்தனை சுற்று இருந்ததோ அத்தனைதான் நானும் சுற்ற வேண்டும். மலைக்கு என்ன நிறம் என்பதை நானே முடிவு செய்தேன்.

"காலையில பூட்டைத் தெறக்கும்போது நான் பாக்குறேன் மச்சான். அது போதும்."

"அதுல உங்களுக்கு என்ன கெடைக்குது?"

"ஒண்ணும் கெடைக்க வேணாம். நான் வரைஞ்சேன், அது இருக்கட்டும்."

என் குரல் உயர்ந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். போர்டு இப்போது அங்கே எரிகிறது. மச்சான் ஆடி மாதம் வரை என்னோடு பேசவில்லை.

போன வாரம் கடையின் பக்கவாட்டுச் சுவரில் முல்லையாற்றை ஆரம்பித்தேன். தண்ணீர் வரவே மாட்டேனென்கிறது, சிமென்ட் ரோடு மாதிரி கிடக்கிறது. நான் விடுவதாக இல்லை.