நடுத்தண்டு கிள்ளாத மத்தன் பூ

மத்தன் பூவைப் பறித்ததும் தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். உள்ளே எறும்பு இருக்கும், சின்னக் கறுப்பு வண்டு இருக்கும், சில நாள் ஒரு தேனீ மயங்கிக் கிடக்கும். தட்டிய பிறகும் நான் விரலை விட்டுத் துழாவுவேன். அதற்குப் பிறகும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பத்துப் பூவைச் சுத்தம் செய்ய எனக்கு அரைமணி நேரம் பிடிக்கும். அடியில் இருக்கும் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, நடுவில் மஞ்சள் பொடி பூசிக்கொண்டு நிற்கும் தண்டை ஒடித்து எறிய வேண்டும். அந்தத் தண்டு கசக்கும். இதழ் மட்டும்தான் சமையலுக்கு.

பூசணி, பரங்கி என்று தமிழ்நாட்டில் சொல்வதை இங்கே திருவனந்தபுரத்தில் மத்தன் என்கிறார்கள். எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. எனக்கும் வாயில் மத்தன் என்றுதான் வருகிறது.

வலியசாலையில் ஒரு மாமி வீட்டின் பின்கட்டில் இரண்டு அறையில் குடியிருக்கிறோம், நானும் என் வீட்டுக்காரரும். மீன், முட்டை வாசனை வரக்கூடாது என்பது மாமி வைத்த நிபந்தனை. முன்கட்டைப் பெருக்கித் துடைத்து, பாத்திரம் தேய்த்துக் கொடுப்பது நான். அவர் தம்பானூரில் ஒரு சைவ ஹோட்டலில் மாஸ்டர். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாம்பார், கூட்டு, புளிக்கறி எல்லாம் அவர் கை. விடியும் முன் போவார், மூன்று மணிக்குத் திரும்பி வந்து, வீட்டில்தான் சாப்பிடுவார். தான் சமைத்ததைத் தானே தின்னப் பிடிக்காது என்பார்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் கஞ்சியும் நாரங்காய் ஊறுகாயும் கொடுத்தேன். ஊறுகாயை வாயில் போட்டவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இதுல உப்பு, உறைப்பு ஒண்ணும் இல்லியே" என்றார்.

நான் பயந்து அந்த ஊறுகாயை எடுத்து நக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவு உறைப்பு. அவரைப் பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

தெரு முனை கிளினிக்கில் காட்டினோம். சில பேருக்கு இப்படி ஆகும், தானே திரும்பி வரும் என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டதற்குச் சொல்ல முடியாது என்றார். ஒரு சீட்டில் மாத்திரை எழுதித் தந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், அந்த எழுத்து எனக்குப் புரியவில்லை. மாத்திரை அட்டையின் பின்னால் இருப்பதையாவது எழுத்துக் கூட்டிப் படிக்கலாம் என்று பார்த்தால் அதில் கிழித்த இடம் போகப் பாதிதான் இருந்தது. மாமியிடம் காட்டினேன். "வைட்டமின்தாண்டி, பேடிக்க ஒண்ணும் இல்லே" என்றாள் மாமி. அதற்குப் பிறகும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவரும் நானும் சமைக்கிற விதமே வேறு. அவர் எதை அடுப்பில் வைத்தாலும் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து, உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்ப்பார். ஒரு பானை சாம்பாருக்கு நாலு தரம், அஞ்சு தரம் நக்குவார். நான் நக்கவே மாட்டேன். எங்கள் அம்மா வீட்டுப் பழக்கம் அது. விளக்கின் முன் ஒரு பிடி வைத்து, சாப்பிட வேண்டியவர் சாப்பிட்ட பிறகுதான் சமைத்தவள் வாயில் படும். உப்பை ஆவியில் மோந்தே கண்டுபிடித்துவிடுவேன். "ருசி பாக்காத சமையக்காரி உலகத்துலேயே நீ ஒருத்திதாண்டி" என்று இருபது வருஷமாகக் கேலி செய்திருக்கிறார். "எச்சி பண்ணாத சமையல்னு சொல்லுங்க" என்று நானும் திருப்பிச் சொல்லுவேன். அந்தக் கேலி அந்த மழைக்காலத்தோடு நின்றது.

ஹோட்டலில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாக்கு போன மாஸ்டரை வைத்துக்கொண்டு யார் ஹோட்டல் நடத்துவார்கள். அங்கே காய் வெட்டுகிற சேச்சி ஒருத்திக்கு மட்டும் தெரியும். இவர் பழக்கம் போலச் சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்குவார், ஒன்றும் தெரியாது, ஆனாலும் தலையை ஆட்டுவார். பிறகு பாத்திரம் கழுவுகிற பக்கம் ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைப்பார். சேச்சி அந்த வழி போகிறபோது குடித்துவிட்டு, உப்பு வேண்டுமென்றால் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுவாள், சரியென்றால் சும்மா போவாள். இப்படி மூன்று மாதம் சாம்பார் ஓடியது. இதை அவர் சொன்னபோது நான் சிரித்தேன். பிறகு அகப்பட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு முழுவதும் வேலை ஓடவில்லை.

வீட்டில் அவர் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. ஒரு கை சோறு, ஒரு வாய் மோர், அவ்வளவுதான். "துணியச் சவைக்கிற மாதிரி இருக்கு" என்பார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, பெல்ட் போட்டுக்கொண்டார். நாக்குதான் இல்லை, கண்ணுக்காவது பிடிக்கட்டும் என்று நினைத்துத்தான் நான் மத்தன் பூவுக்குப் போனேன்.

பின்புறம் மாமி எறிந்த விதை ஒன்று முளைத்து, கிணற்றுச் சுவர் முழுவதும் ஏறிக் கிடந்தது. காலையில் பார்த்தால் சுவரே மஞ்சள். பூவைத் தோரன் வைக்கலாம், நம் ஊர்ப் பொரியல் மாதிரிதான், என்று சேச்சிதான் போனில் சொன்னாள். தேங்காய் எண்ணெயில் கடுகு, சின்ன உள்ளி, பச்சை மிளகாய் போட்டு, நறுக்கிய பூவைப் போட்டால் ஒரு சட்டிப் பூ ஒரு பிடியாகச் சுருங்கும். தேங்காய்ப்பூ தூவி இறக்கினால் அந்த மஞ்சள் அப்படியே இருக்கும்.

மாமி முதல் நாள் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். "மார்கழியிலே வாசல்ல சாணி உருண்டையிலே வைக்கற பூடி இது. இதப் போய்த் திங்கறதா?"

"இங்க எல்லாரும் திங்கிறாங்களே மாமி."

"இங்க எல்லாரும் என்னல்லாமோ திங்கறா. நீ தின்னு, எனக்கு மத்தங்காய் வேணும் கேட்டயா. ஓணத்துக்கு எரிசேரி பண்ணணும். பிஞ்சு பிடிச்ச பூவத் தொடாதே. ஆம்பிளைப் பூவிலேயும் ரெண்டு விட்டு வை, இல்லேன்னா பிஞ்சு வெம்பிப் போகும்."

அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. நீளக் காம்போடு ஒல்லியாக நிற்பது ஆண் பூ. நான் தினமும் ஆண் பூவை எண்ணி, ரெண்டை விட்டுவிட்டு மீதியைப் பறிப்பேன். விட்ட ரெண்டும் போதுமா, வண்டு வருமா, மாமிக்குக் காய் பிடிக்காவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லுவாளா என்று அங்கேயே நின்று யோசிப்பேன். ஒரு நாள் நானே ஒரு ஆண் பூவின் தண்டை ஒடித்துப் பெண் பூவுக்குள் தடவிவிட்டேன். மாமி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணம் பண்ணி வைக்கறயா?" என்றாள்.

தட்டில் அந்த மஞ்சளைப் பார்த்ததும் அவர் கை கொஞ்சம் கூடுதலாகப் போனது. ருசி தெரிந்து அல்ல. "பாக்கதுக்கு நல்லா இருக்கு" என்றார். எனக்கு அது போதும். அன்றிலிருந்து வாரத்தில் நாலு நாள் பூ.

அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஒன்பது மணிக்குச் சேச்சி போன் செய்தாள்.

"மோளே, திங்களாழ்ச்ச முதல் ஞான் வரில்லா கேட்டோ. மகளுக்குப் பிரசவம். மூணு மாசம் அவிடத்தான்."

"அப்போ இவருக்கு, சேச்சி?"

"அதான் ஞானும் ஆலோசிக்குந்நது. முதலாளியிடம் சொல்லிடச் சொல்லு. நேத்து ஞான் கொஞ்சம் தாமசிச்சுப் போயி, சாம்பாரில் உப்பு இரட்டி. மூணு பேர் திருப்பி அனுப்பிச்சு. முதலாளி மாஸ்டரை ஒரு மாதிரி நோக்கினார்."

அவர் நேற்று இதை என்னிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமைக்கு நடுவில் ரெண்டே நாள். முதலாளியிடம் சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும், அவரை இட்லி மாவு ஆட்டப் போடுவார்களா, அதற்கு அவர் போவாரா, நான் இன்னும் ரெண்டு வீட்டில் வேலை பிடிக்க முடியுமா. ஒவ்வொன்றாக யோசித்து முடித்தபோது பதினொன்றுக்கு மேல் ஆகிவிட்டது. பூவெல்லாம் மூடிவிட்டது. நனைந்த குடை மாதிரி முறுக்கிக்கொண்டு தொங்கியது. அப்படியே பறித்தேன். தட்டவில்லை, துழாவவில்லை. மாமி வீட்டுப் பாத்திரம் வேறு கிடந்தது. அதை முடித்துவிட்டு வந்து, பூவை அலசி, ஒரு கட்டாகச் சேர்த்துப் பிடித்து நறுக்கி எண்ணெயில் போட்டேன். விளக்குக்கு ஒரு பிடி எடுத்து வைத்தேன். மனசு அங்கே இல்லை.

மூன்றரைக்கு வந்தார். சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்தார். திங்கட்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தட்டை வைத்தேன். பூவை எடுத்து வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார்.

"ஏட்டி, இதுல என்னத்தப் போட்ட?"

"எப்பவும் போடுறதுதான். என்ன?"

"கசக்குது."

மூன்று மாதமாக ஒன்றும் தெரியாமல் இருந்த நாக்கு இப்போது கசக்கிறது என்றால், இது வேறு நோயா, மஞ்சள் காமாலையா, மாத்திரை சேராமல் போனதா. அவர் கண்ணைப் பார்த்தேன், மஞ்சளாக இருக்கிறதா என்று. தட்டில் இருந்த மஞ்சள்தான் என் கண்ணுக்குள் நின்றது.

"காலைல ஏதாவது வாய் கசந்துதா? வாந்தி வருதா?"

"அதெல்லாம் இல்ல. இதுதான் கசக்குது. நீ தின்னு பாரு."

"நீங்க சாப்பிடுங்க முதல்ல."

"தின்னு பாருட்டி." குரல் மாறியிருந்தது. ஒரு கொத்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார், அவர் சொட்டு விட்டுப் பார்க்கிற இடத்தில்.

நான் வாயில் போட்டேன். கசந்தது. பல்லிடுக்கு வரைக்கும் கசந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஒரு பூவில்கூட நான் நடுத்தண்டைக் கிள்ளவில்லை. காம்பும் தண்டும் மஞ்சள் பொடியுமாக முழுசாக நறுக்கிப் போட்டிருக்கிறேன்.

"கசக்குதுங்க" என்றேன்.

"கசக்குதுல்லா?"

"ஆமா. நெசமாவே கசக்குது."

அவர் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். தோரனை மட்டும் தனியாகத் தின்ன ஆரம்பித்தார். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. கசக்கிற சுரைக்காயைத் தின்று யாரோ ஆஸ்பத்திரிக்குப் போன கதை நினைவுக்கு வந்தது. மத்தனும் அந்தச் சாதிதானே.

"போதும், வைங்க. கசக்குறதத் திங்கக் கூடாதும்பாங்க."

"நீ சும்மா இரி."

"விஷமா இருந்தா?"

"மூணு மாசம் கழிச்சு ஒண்ணு தெரியுது. அதையும் புடுங்குதியே."

தட்டைப் பிடித்து நான் இழுத்தேன், அவரும் இழுத்தார். கடைசியில் பாதிதான் எனக்குக் கிடைத்தது. அதைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் கொட்டினேன். முன்கட்டில் இருந்து மாமி, "என்னடி அங்க தர்க்கம்?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். அன்று சாயங்காலம் வரைக்கும் அவருக்கு வயிறு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

சனியும் ஞாயிறும் சாயங்காலம் டம்ளர்களில் உப்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், புளித் தண்ணீர் வைத்து, அவர் கண்ணைக் கட்டிக் கொடுத்துப் பார்த்தேன். உப்பு, கொஞ்சம் கூட்டிப் போட்டால் தெரிந்தது. சர்க்கரையைப் பச்சைத் தண்ணீர் என்றார். புளியையும் பச்சைத் தண்ணீர் என்றார். "போதும்டி, வயிறு ரொம்பிடுச்சி" என்று துண்டை அவிழ்த்துப் போட்டார். முதலாளியிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "பாப்பம்" என்றார்.

திங்கட்கிழமை விடியும் முன் போய்விட்டார். நான் ஏழு மணிக்கே பூவைப் பறித்து, தட்டி, துழாவி, காம்பைக் கிள்ளி, தண்டை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றி வைத்தேன். ஒடித்த தண்டுகளை எண்ணினேன். பூ ஒன்பது, தண்டு எட்டு. மறுபடி ஒவ்வொரு பூவாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்பதாவது தண்டு என் புடவை மடிப்பில் கிடந்தது.

பத்தரை மணிக்குப் போன் அடித்தது. அந்த நேரத்தில் அவர் போன் செய்ததே இல்லை. பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது, மெதுவாகப் பேசினார்.

"சாம்பார்ல உப்பு சரியா இருக்கு."

"யாரு பாத்தா?"

"நான்தான்."

"புளி?"

"புளி தெரியல. முதலாளியையே கூப்பிட்டு ஒரு சொட்டு கையில விட்டேன்."

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். காய்ச்சல்ல போச்சு, கசப்பும் உப்பும் வந்துட்டு, புளி இன்னும் வரல்லன்னேன். நக்கிப் பாத்துட்டு, புளி போதும்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. போயிட்டாரு."

"போயிட்டாருன்னா? கோவமா போனாரா?"

"தெரியலட்டி. மூணு மணிக்கு வாறேன். இன்னைக்கும் பூவா?"

"பூதான். தண்டு கிள்ளியாச்சு."

"ஒண்ணு ரெண்டுல தண்ட விட்டு வை" என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஈரத் துணியைப் பிரித்தேன். ஒன்பதிலும் தண்டு இல்லை. கிணற்றடிக்குப் போனேன். பிஞ்சுக்காக விட்டிருந்த ஆண் பூ ரெண்டும் மூடிக்கொண்டு நின்றன. அதில் ஒன்றைப் பறித்தால் மாமி பார்ப்பாளோ என்று ஜன்னலைப் பார்த்தேன். பிறகு பறித்தேன்.