பள்ளத்துப் பக்கத்துச் சன்னல்

அருவருப்பு எனக்கு எளிதில் வராது. நாமக்கல்லில் கோழிப் பண்ணைகளுக்கு நோய் பார்த்துச் சொல்லும் ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. காலையில் போனதும் மேசைமேல் இருப்பது கோழி எச்சம். செத்த கோழியின் குடலைக் கீறிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அதே கட்டடத்து மாடியில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போய்விட்டு வந்து, இரண்டு நாள் சோற்றைப் பார்க்கவே பிடிக்காமல் கிடந்தேன்.

போனது ஏற்காட்டைப் பார்க்க இல்லை. என்னைப் பார்க்க.

பரமத்தி வேலூரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் தட்டு ஏந்தி நிற்க இனி முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். என்னிடமும் அவர் மறுத்துப் பேசவில்லை. தரகரிடம் போய்ச் சங்கடத்தோடு விஷயத்தைச் சொல்ல, அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு குடும்பம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் ஓடுகின்றன. ஒரே பையன்.

"பொண்ணுப் பாக்கறதுன்னே இல்லீங்க. ரெண்டு ஊட்டுக்காரங்களுஞ் சேந்து ஒரு நாளைக்கு ஏற்காட்டச் சுத்திப் பாத்துட்டு வாங்க. சிறுசுக ரெண்டும் பேசிப் பாத்தாப்பலயும் இருக்கும்" என்றார்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. சரி என்றேன்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நானும் அப்பாவும் அம்மாவும் நின்றோம். புதுக் கார் ஒன்று வந்தது. சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஓட்டி வந்தவர்தான் மாப்பிள்ளை. உள்ளே அவருடைய அம்மா. பின்சீட்டில் அவருடைய அக்கா, மடியில் கைக்குழந்தை. அவர் இறங்கி வந்து எங்களுக்கு வணக்கம் சொன்னார். கதவைத் திறப்பதற்கு முன் எங்கள் மூன்று பேர் கையிலும் சானிடைசர் ஊற்றினார்.

அம்மா என் காதருகே குனிந்து, "பையன் நல்ல சுத்தம் பாக்கறான்" என்றாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார். நடு வரிசையில் அம்மாவும் மாப்பிள்ளையின் தாயான அந்த அம்மாளும், சன்னலோரமாக நானும். அடிவாரச் சோதனைச் சாவடியில் ஒருவர் எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் பாட்டில், பை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்று மாப்பிள்ளை சிரித்தார். என் காலுக்கடியில் தண்ணீர் பாட்டில்கள் உருண்டுகொண்டிருந்தன.

மலை ஏறத் தொடங்கியதும் அவர் ஈர டிஷ்யூ ஒன்றை உருவி ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே விட்டார். கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் இன்னொன்றை எடுத்துக் கழுத்தைத் துடைத்து அதையும் வெளியே விட்டார். அப்புறம் விரல்களுக்கு ஒன்று. கண்ணாடிக்கு ஒன்று. கார் வளையும்போது நாங்கள் ஏறி வந்த சாலை கீழே தெரியும். அதன் ஓரப் புதர்களில் வெள்ளையாகத் தொங்கியது எல்லாம் எங்களுடையதுதானா, முன்னால் போன வண்டிகளுடையதுமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

குரங்குகள் உட்கார்ந்திருந்த ஓர் இடத்தில் காரை நிறுத்தினார். துடைத்துக் கசக்கிய டிஷ்யூவை உருண்டையாக உருட்டி ஒரு தாய்க்குரங்கின் முன் வீசினார். அது ஓடி வந்து எடுத்தது. முகர்ந்தது. எலுமிச்சை வாசனை வந்திருக்கும் போல. வாயில் போட்டு மெல்லத் தொடங்கியது.

"திங்குது பாருங்க! பழம்னு நெனச்சுக்குச்சு!" என்று அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருடைய அம்மாவும் சிரித்தார். என் அம்மாவும், சிரிக்காவிட்டால் தப்பாகிவிடும் என்று நினைத்தோ என்னவோ, கூடச் சிரித்தாள். மென்றதைத் துப்பவும் தெரியாமல் விழுங்கவும் முடியாமல் அந்தக் குரங்கு தொண்டையை நீட்டி நீட்டி இழுத்ததை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது செத்துப் போயிருமுங்க" என்றேன்.

"அதுகளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. இரும்பக்கூடத் திங்கும்" என்றார்.

ஏரியில் படகு எடுத்தோம். கரையோரம் காகிதக் கோப்பைகளும் நுரையுமாகப் பச்சைத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் வீட்டிலிருந்து கட்டி வந்த புளிச்சோற்றைப் படகிலேயே பிரித்தார். சாப்பிட்டு முடித்து, பாட்டில் தண்ணீரை வாயில் ஊற்றி, கன்னம் உப்பக் கொப்பளித்து, காறி ஏரியில் துப்பினார். ஒரு பருக்கையும் கறிவேப்பிலையும் எச்சில் நூலோடு மிதந்து என் பக்கம் வந்தன. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கண்ணாடியக் கழட்டு அம்மிணி, பாப்போம்."

கழற்றினேன். என் முகத்தை இடமும் வலமுமாகப் பார்த்தார்.

"கண்ணு கொஞ்சம் உள்ள போனாப்பல இருக்குது. நைட்டு ஷிப்டு கிப்டு பாக்கறயா?"

"இல்லீங்க."

"பல்லு வரிசையாத்தான் இருக்குது" என்று அவர் மகளிடம் சொன்னார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கறிவேப்பிலையையே பார்த்தேன். படகு நகர்ந்தும் அது எங்களோடு வந்தது.

மத்தியானத்துக்கு மேல் காட்சி முனைக்குப் போனோம். கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் செங்குத்துச் சரிவு. தூரத்தில் சேலம் தூசிக்குள் வெளுத்துக் கிடந்தது. சரிவில் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று போனது.

குழந்தை அழுதது. அக்காக்காரி, மற்றவர்கள் உட்காரும் கல் பெஞ்சில் அதைப் படுக்க வைத்து டயப்பரைக் கழற்றினார். மஞ்சளாக, கனமாக இருந்தது. குழந்தை மலம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அதைச் சுருட்டித் தம்பியிடம் நீட்டி, "போட்டுட்டு வாடா" என்றார். குப்பைத் தொட்டி பார்வைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளை டிஷ்யூவை மடித்து அதால் பிடித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, கம்பியோரம் போய்க் கையைச் சுழற்றிக் கீழே எறிந்தார். பிறகு திரும்பி வந்து கையைத் துடைத்து, முழங்கை வரை சானிடைசர் போட்டுக்கொண்டார்.

கீழேயிருந்து ஒரு பெண்ணின் சத்தம் கேட்டது.

சற்று நேரத்தில் அவளே மேலே வந்தாள். என் அம்மா வயது இருக்கும். தலையில் சும்மாடு. தோளில் ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தது. கையில் ஒரு குச்சி. குச்சியின் நுனியில் டயப்பர். மூச்சு வாங்க நின்று, அங்கிருந்த எல்லோரையும் பார்த்து, "இது யாரு போட்டது?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

குழந்தை இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் காலை உதைத்துக்கொண்டு பெஞ்சில் கிடந்தது. மாப்பிள்ளை அதை மறைத்தாற்போல நகர்ந்து நின்று, "இப்ப ஒரு வேன்காரனுக போனானுக. அவனுகளா இருக்கும்" என்றார்.

"தோள்ல விழுந்துச்சு" என்றாள் அந்தப் பெண். "சோத்துத் தூக்குல விழுந்திருந்தா?"

"அதான் தெரியாதுங்கறேன்ல. எட்டப் போ, நாத்தம் அடிக்குது."

அவர் வீட்டு நாற்றம்தான் அது. அவளை விரட்டினார்.

நான் எழுந்து போனேன். "எங்களோடதுதாங்க. தப்புத்தாங்க" என்று சொல்லிக் குச்சியிலிருந்து அதைக் கையால் எடுத்தேன். தொட்டியில் போட்டேன். திரும்பி வந்து என் பாட்டில் தண்ணீரை அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கித் தோளைக் கழுவினாள். வந்த பாதையிலேயே இறங்கிப் போனாள்.

"அய்யய்ய, வெறுங்கையில தொட்டுப் போட்டா பாரு!" என்றார் அந்த அம்மாள்.

மாப்பிள்ளையின் முகம் கோணிப்போயிருந்தது. காருக்கு வந்ததும் டிக்கியிலிருந்து பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து, நான் உட்காரும் இடத்தில் விரித்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க, புது வண்டிங்க" என்றார். "கையக் காட்டுங்க, ஊத்தறேன்."

நான் கையைக் காட்டவில்லை.

"நான் பஸ்ஸுல வாரேனுங்க" என்றேன்.

அப்பா பதறினார். "ஏறு சாமி. எதுன்னாலும் கீழ போய்ப் பேசிக்கலாம்."

"இல்லீங்கப்பா."

அம்மா காரில் ஒரு காலை வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், அந்தச் செய்தித்தாளைப் பார்த்தாள். காலை எடுத்துவிட்டு, "எனக்கும் இந்தக் காருன்னா தல சுத்துதுங்க. நான் இவகூட வந்தர்றேன்" என்றாள். அம்மாவுக்குப் பஸ்ஸில்தான் தலை சுற்றும். எல்லோரும் இறங்கிவிட்டால் மரியாதையாக இருக்காது என்று அப்பா மட்டும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக் குழாயில் சோப்பு வாங்கிக் கையைக் கழுவினேன். இறங்கும் வழியில் அம்மா கேரி பையில் வாந்தி எடுத்தாள். அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, காலையில் நாங்கள் போட்டுப் போன டிஷ்யூக்களை வளைவுக்கு வளைவு பார்த்துக்கொண்டே வந்தேன்.

நாங்கள் வீடு சேர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அப்பா வந்தார். நேராகக் கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். வேட்டியைத் தானே துவைத்துப் போட்டார். அவர் துணி துவைத்து நான் பார்த்ததே இல்லை. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் தரகர் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"பொண்ணு கூச்சநாச்சமில்லாம கண்டதையும் கையில தொடுதாமுங்க. சுத்தம் பத்தாதுங்கறாங்க. ஒத்து வராதுன்னு சொல்லிப்போட்டாங்க."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர்கள் முந்திக்கொண்டார்கள். அதிலும் எனக்குச் சுத்தம் பத்தாதாம். சிரிப்பு வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

அப்பா போனை வைத்தார். பிறகு தானாகச் சொன்னார்.

"வர்ற வழியில கொழந்த மறுபடியும் போயிருச்சு. பின்னால இருந்து அதோட அம்மா சுருட்டி முன்னால குடுத்துச்சு. அந்தப் பையன் வாங்கி என்றகிட்ட நீட்டுனான். 'மாமா, உங்க பக்கந்தான் பள்ளம். சன்னல்ல போட்டுருங்க'ன்னான்."

"போட்டீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"கீழ ரோட்டுல ஆளுக போறாங்க. எப்படிப் போடறது?"

"பின்ன?"

"மடியில வெச்சுக்கிட்டேன். அடிவாரம் வந்ததும் இங்க ஒருத்தரப் பாக்கோணும்னு பொய் சொல்லி எறங்கிட்டேன். அங்க ஒரு தொட்டி இருந்துச்சு."

மலையிலிருந்து அடிவாரம் வரை, ஒவ்வொரு வளைவிலும், ஊரான் பிள்ளையின் மலத்தை வேட்டிமேல் வைத்துக்கொண்டு, அந்தப் பையன் பேசியதற்கெல்லாம் 'ஆமாங்க' சொல்லிக்கொண்டு அப்பா உட்கார்ந்து வந்திருக்கிறார். அதை நினைத்ததும் எனக்கு அவர்கள்மேல் வந்ததைவிட அதிகமாக அவர்மேல் கோபம் வந்தது.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்கப்பா?"

"மாப்பிள்ள ஊட்டுக்காரங்க சாமி" என்றார்.

அந்தப் பதில்தான் எனக்கு எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. ஏரியில் மிதந்த எச்சிலையும் குரங்கின் தொண்டையையும்விட. அம்மா தட்டில் சோற்றைப் போட்டு வைத்தாள். நான் அதைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.