சின்னவளோடு பெரியவனுக்கும் மொட்டை

போன வருடம் கோடை தொடங்கிய சமயம். மந்தைவெளியில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் நாங்கள் இருக்கிறோம். நான், என் கணவர், அப்போது தவழ ஆரம்பித்திருந்த எங்கள் மகள், அப்புறம் எங்கள் நாய். கோல்டன் ரெட்ரீவர் வகை. பின்னங்காலில் எழுந்து நின்றால் என் தோள் உயரம் இருப்பான்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் என்னுடையவன். தி. நகரில் என் பெற்றோர் வீட்டில் குட்டியாக வந்தவன். சீர்வரிசைப் பாத்திரங்களோடு அவனுடைய சாப்பாட்டுத் தட்டும் வண்டியிலிருந்து இறங்கியதை என் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். மகள் பிறந்ததும் அவனுக்கு வீட்டில் பெரியவன் என்று பெயர் வந்துவிட்டது. அவள் சின்னவள்.

பெரியவனுக்கு முடி கொட்டும். வருடம் முழுக்கக் கொட்டும், வெயில் ஏறினால் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெருக்கி முடித்துத் துடைப்பத்தை வைத்துவிட்டுத் திரும்பினால் மூலையில் பஞ்சு போல ஓர் உருண்டை உட்கார்ந்திருக்கும். ஃபேனைப் போட்டால் அந்த உருண்டை கூடத்தில் தானாக நடந்து போகும். ரசத்தில் ஒன்று, சாமி விளக்கின் திரியில் ஒன்று, என் கணவரின் ஆபீஸ் சட்டையில் ஒரு பத்து. ஆபீஸில் அவருடைய தோளைப் பார்த்துவிட்டுத்தான் "நாய் சௌக்கியமா?" என்று கேட்பார்களாம்.

இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, சின்னவள் தவழும் வரை. தவழத் தொடங்கியதும் அவள் நேரே போவது அவனிடம். திரும்பி வரும்போது இரண்டு உள்ளங்கையிலும் முடி. ஒரு நாள் அவள் வாயிலிருந்தே ஒரு முடியை இழுத்து எடுத்தேன். அதே வாரத்தில் அவளுக்கு இருமல் வந்தது. விடிகிற நேரத்தில் இருமுவாள். பெரியவன் எழுந்து வந்து தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்ப்பான், ஏதாவது செய்யேன் என்பது போல. உன்னால்தானோ என்று நானும் அவனைப் பார்ப்பேன்.

கைப்பேசியில் தேடினேன். ஓரிடத்தில் நாயோடு வளரும் குழந்தைக்கு நல்லது என்று போட்டிருந்தது. அடுத்ததில் நேர்மாறாக இருந்தது. எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டையுமே திரும்பத் திரும்பப் படித்தேன். என் முகத்தைப் பார்த்து என் கணவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய நண்பர் ஒருவருக்குக் கோட்டூர்புரத்தில் தோட்டத்தோடு தனி வீடு. நாய் என்றால் உயிர் அந்தக் குடும்பத்துக்கு.

"உனக்குப் பயமா இருந்தா சொல்லு. அங்க விட்டுடலாம். வாராவாரம் போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நாள் போகட்டும், முடிவு சொல்கிறேன் என்றேன்.

இருமலுக்காகக் குழந்தையை மயிலாப்பூரில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தோம். நடுத்தர வயது அம்மா, அளந்து பேசுவார். முதல் தடவையே, வீட்டில் நாய், பூனை ஏதாவது உண்டா என்று கேட்டார். யோசிப்பதற்குள் என் வாய் இல்லை என்று சொல்லிவிட்டது. உண்டு என்றால் அடுத்து அவர் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும் என நினைத்தேன். அதைக் காதால் கேட்டுவிட்டால் பிறகு செய்தாக வேண்டும். அதன் பிறகு டாக்டரிடம் போகும் ஒவ்வொரு முறையும் செலோ டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு குழந்தையின் கவுனில் ஒட்டிய பொன்னிற முடிகளை ஒன்று விடாமல் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். பெரியவன் வாசலில் உட்கார்ந்து அதையும் பார்ப்பான்.

அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடியிலிருந்து என் மாமியார் போன் செய்தார். ஒரு வயது முடிவதற்குள் குலதெய்வம் கோயிலில் முதல் மொட்டை போட வேண்டும், நாள் பார்த்தாயிற்று, டிக்கெட் எடுங்கள் என்றார். கடைசியாக, "மொட்டை போட்டாத்தான் முடி பலமா வரும்மா, அடர்த்தியா வரும்" என்றார்.

போனை வைத்த பிறகும் பலமா வரும் என்பதே காதில் நின்றது. பலமாக வளர்கிற முடி கொட்டாது அல்லவா? கூடத்தில் நாலு காலையும் பரப்பிப் படுத்திருந்த பெரியவனைப் பார்த்தேன். இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்றுகூட நினைத்தேன். பட்டம் வாங்கியவள்தான். ஆனால் மொட்டை அடித்தால் முடி நன்றாக வளரும் என்பதை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறேன், ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

ஊருக்குப் போகும் நாட்களில் அவனை அடையாறில் ஒரு நாய்கள் பராமரிப்பு நிலையத்தில் விடுவதாக ஏற்பாடு. அங்கேயே குளிப்பாட்டி முடியும் வெட்டுவார்கள். போன் செய்து முழு மொட்டை வேண்டும் என்றேன். எடுத்த பெண் தயங்கி, இந்த வகை நாய்க்கு அப்படி எடுப்பதில்லை, லேசாக டிரிம் பண்ணித் தரட்டுமா என்று கேட்டாள். வேலைக்குச் சோம்பல் படுகிறாள் என்று நினைத்து, "மொட்டைன்னா மொட்டைதாங்க" என்று கறாராகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற என் கணவர் நிதானமாகக் கேட்டார்: "அப்படியே அவனுக்கும் காது குத்திடலாமா?"

கோயிலில் தாய்மாமா மடியில் உட்கார்த்தி மொட்டை அடித்தபோது சின்னவள் ஊரைக் கூட்டினாள். சந்தனம் பூசியதும் அமைதியாகிவிட்டாள். சென்னைக்கு வந்து சேர்ந்த அன்றே அடையாறுக்கு ஆட்டோ பிடித்தோம்.

சிங்கம் போல உள்ளே போனவன், கன்றுக்குட்டி போல வெளியே வந்தான். முகத்தில் மட்டும் முடி. உடம்பெல்லாம் வெளிறி, விலா எலும்பு தெரிய, வால் ஒரு கயிறு மாதிரி. வழக்கமாக என்னைக் கண்டால் பாய்ந்து வந்து மேலே விழுவான். அன்று சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது.

எங்கள் குடியிருப்பு வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர், ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கிய குழந்தையையும் பின்னால் இறங்கிய நாயையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெரியவனிடம் மரியாதையாகக் கேட்டார்: "இன்னா நைனா, பழனியா, திருப்பதியா?"

என் கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவன் மாடி ஏறியதும் நேரே கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். பிஸ்கட்டைக் காட்டினேன், வரவில்லை. தரையில் விட்டதும் சின்னவள் அவனைத் தேடித் தவழ்ந்து போனாள். கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். அவனுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து அவன் முதுகில் கையை வைத்தாள். குத்தியிருக்க வேண்டும், சட்டென்று எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அவன் மெல்லத் தலையைத் திருப்பி அவள் தலையிலிருந்த சந்தனத்தை நக்க ஆரம்பித்தான். வேறொரு நாளாக இருந்தால் ஓடிப் போய்த் தூக்கியிருப்பேன். அன்று இரண்டு மொட்டைகளையும் பார்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சரி, இனிமேல் கொட்டாது என்று ஒரு சமாதானம். அதுவும் நிலைக்கவில்லை. முன்பை விட மோசமாகக் கொட்டியது. முன்பாவது நீள முடி, கண்ணுக்குத் தெரியும், கையால் எடுக்கலாம். இப்போது ஒடிந்த ஊசி போலக் குட்டிக் குட்டி முடிகள். சோபாவில், துண்டில், குழந்தையின் பருத்திக் கவுனில் குத்தி நின்றன. செலோ டேப்புக்கு அசையவில்லை. போதாக்குறைக்கு மாடி வெயிலில் அவன் முதுகு சிவந்துபோனது. என் கணவர் தன் பழைய பனியன் ஒன்றை அவனுக்கு மாட்டிவிட்டார். பனியனோடு ஒருவன் பால்கனியில் நிற்பதைப் பார்த்துத் தெருவே நின்று போயிற்று.

குழந்தைக்கு இருமல் முழுதாக விடவில்லை. மறுபடி டாக்டரிடம் போனேன். என் கணவருக்கு ஆபீஸ், நான் மட்டும். கவுனை எவ்வளவு தேய்த்தும் சில முடிகள் வரவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கிளம்பிவிட்டேன்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைக்கக் கவுனைத் தூக்கியவர், துணியிலிருந்து எதையோ நகத்தால் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது யாரோட முடி? குழந்தைக்குத்தான் மொட்டை அடிச்சாச்சே."

"என்னோடது டாக்டர்" என்றேன்.

அவர் என் தலையைப் பார்த்தார். முழங்கை வரை தொங்கும் கறுப்புப் பின்னல். கையிலிருந்த குட்டைப் பொன்னிற முடியையும் பார்த்தார். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவனைப் பற்றி, டேப்பைப் பற்றி, கோட்டூர்புரம் பற்றி, மொட்டையைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினேன். குழந்தை என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

மொட்டை என்றதும் டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னது என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. "நீங்க இல்லைன்னு சொன்னதை நம்பித்தானே நான் மருந்து எழுதினேன்? உங்க நாயைக் காப்பாத்தப் போய், குழந்தைக்கு என்னன்னு எனக்குத் தெரியாமப் பண்ணிட்டீங்களே."

நாயா குழந்தையா என்று நான் ராத்திரி பகலாக நிறுத்துப் பார்த்ததாக நினைத்திருந்தேன். உண்மையில் நான் எதையும் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு டேப்பால் ஒற்றிக்கொண்டிருந்தேன். அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். நாய் எங்கே படுக்கும், இருமல் எப்போது வரும், ஊரில் நாய் இல்லாத நாட்களில் இருமினாளா. ஊரிலும் இருமினாள். இதை நான் யோசித்ததே இல்லை. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சிலும் முதுகிலும் வைத்து நிதானமாகக் கேட்டார். வீசிங் இல்லை, இப்போதைக்கு இது சாதாரண சளியாகத்தான் தெரிகிறது, நாயை அனுப்ப அவசியம் எதையும் நான் பார்க்கவில்லை என்றார். படுக்கை அறைக்குள் அவனை விடாதீர்கள், பெருக்கினால் முடி பறக்கும், ஈரத் துணியால் துடையுங்கள், மூச்சு இழுத்தாலோ உடம்பில் தடித்தாலோ உடனே வாருங்கள் என்றார். கிளம்பும்போது, முதலில் அவனை அவனுடைய டாக்டரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னார்.

அவனுடைய டாக்டர் பனியனைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். இந்த நாய்களுக்கு முடி இரண்டு அடுக்கு, உள்ளே இருக்கும் மெத்தை முடிதான் பருவத்துக்குக் கொட்டுகிறது, மழித்தால் அது நிற்காது, வெயிலைத் தாங்கும் மேல் அடுக்குதான் போகும் என்று விளக்கினார். திரும்ப வளர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், பழையபடியே வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். வளர வளரத் தினமும் சீவ வேண்டும், வேறு வைத்தியம் கிடையாது.

அன்று மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் நான் மறைத்தது அவருக்கும் தெரியாது. எழுந்து போய்ப் பெரியவனின் பனியனை இழுத்துச் சரிசெய்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். "ரெண்டு பேருக்கும் நடுவுல நீ இவ்வளவு தனியா கஷ்டப்பட்டிருக்கே" என்றார். பிறகு கோட்டூர்புரத்து நண்பருக்குப் போன் செய்து, பெரியவன் வரவில்லை என்று சொன்னார். ஏமாந்தது அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களே இங்கே வந்து சீப்புக்குச் சண்டை போடுகிறார்கள்.

இப்போதும் அவனுக்கு முடி கொட்டுகிறது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பால்கனியில் பழைய போர்வையை விரித்து அவனைப் படுக்க வைக்கிறேன். அகலப் பல் சீப்பால் உள் முடி வரும் வரை மெதுவாகச் சீவி, ஈரத் துண்டால் துடைத்துவிடுகிறேன். எடுத்த முடியைப் பழைய தலையணை உறையில் அமுக்கி வைத்தால் வாரக் கடைசியில் அதுவே ஒரு நாய்க்குட்டி அளவுக்கு இருக்கும். கூடம் ஈரத் துணியால் துடைக்கப்படுகிறது. ரசத்தில் அவ்வப்போது ஒன்று கிடக்கத்தான் செய்கிறது. படுக்கை அறை வாசலில் அவன் மூக்கை மட்டும் வாசற்படிக்கு உள்ளே நீட்டிப் படுத்துக்கொள்கிறான். அதை நாங்கள் கண்டுகொள்வதில்லை.

மாமியார் சொன்னபடியே சின்னவளுக்கு முடி அடர்த்தியாக வந்துவிட்டது. பெரியவனுக்கு முதுகில் நன்றாக வந்து, இடுப்பில் மட்டும் சுருள் சுருளாக, வேறு நிறத்தில், கடன் வாங்கியது போல வளர்ந்திருக்கிறது. நான் அவனைச் சீவும்போது சின்னவள் தன் பொம்மைச் சீப்போடு வந்து உட்கார்ந்து அந்த இடத்தைத்தான் சீவுவாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்வான்.

டாக்டரிடம் போகும் நாட்களில் இன்றும் அவள் கவுனில் ஒன்றிரண்டு பொன்னிற முடிகள் ஒட்டியிருக்கும். நான் அவற்றை எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று என் குழந்தையைப் பார்க்கிறவருக்கு முழுதாகத் தெரியட்டும் என்று அப்படியே விட்டுவிடுகிறேன்.